அலமாரியில் தொலைந்த நிறங்கள்: நடுவயதில் வண்ண உடை மனத்தைத் தேற்றுமா?

கேள்வி: எனக்கு 48 வயது. சில ஆண்டுகளாகவே மனம் மங்கிக் கிடக்கிறது. அலமாரியைத் திறந்தால் கறுப்பு, சாம்பல், கருநீலம் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. பளிச்சென்ற நிறங்களில் உடுத்தினால் மனம் தேறும் என்கிறார்கள். அது உண்மைதானா? உண்மையென்றால் எங்கிருந்து தொடங்குவது? இந்த வயதில் அது பொருந்துமா?

பதில்: துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலைகளில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் 25 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள் நான். உங்கள் வயதைக் கடந்து வந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நிற உடை உதவும். ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அல்ல, சொல்லப்படும் காரணத்தாலும் அல்ல. மஞ்சள் சட்டையைப் போட்டவுடன் மூளையில் மகிழ்ச்சிச் சுரப்பு பொங்கிவிடும் என்பதெல்லாம் விற்பவர்களின் பேச்சு. நடப்பது அதைவிட மெதுவானது, ஆனால் நம்பத்தக்கது.

முதலில், நிறங்கள் ஏன் போயின என்று பார்க்க வேண்டும். அவை ஒரே நாளில் அலமாரியை விட்டுப் போவதில்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் இரத்தப்போக்கு கணக்கில்லாமல் வரும். தேதி தப்பும், சில மாதங்களில் கொட்டித் தீர்க்கும். அலுவலக நாற்காலியிலிருந்து எழும்போது ஒருமுறை அவமானப்பட்ட பெண், அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே வெளிர் நிறத்தை உடுத்தத் துணிய மாட்டாள். அடுத்து, உடம்பு திடீரெனச் சூடேறி வியர்த்து வழியும் தொல்லை வருகிறது; வியர்வைத் தடத்தைக் காட்டாத துணிகளை மட்டும் கை தேடத் தொடங்குகிறது. இடுப்பு அகலும்போது, கறுப்பு ஒல்லியாகக் காட்டும் என்ற பழைய நம்பிக்கை சேர்ந்துகொள்கிறது. காலையில் ஐந்து பேருக்கான வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறவளுக்கு, எதோடும் பொருந்திப் போகும் நிறம் என்பதே பெரிய வசதி. இவை ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் எடுத்த நியாயமான முடிவுகள். எல்லாம் சேர்ந்து பத்தாண்டுகளில் நீங்கள் சொல்லும் அலமாரியாகிவிட்டன. ஆகவே கறுப்பு உடைகளை உங்கள் மனச்சோர்வின் அடையாளமாகப் படித்துவிடாதீர்கள். அவற்றில் பாதி, உங்கள் சமயோசிதத்தின் அடையாளம்.

இதிலிருந்தே தொடக்கத்துக்கான வழியும் கிடைக்கிறது. அந்தக் காரணங்களோடு சண்டை போடாமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கீழாடை கருநீலமாகவோ கறுப்பாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். நிறத்தை மேலே மட்டும் கொண்டுவாருங்கள். வியர்வையைப் பொறுத்தவரை ஒரு தொழில் விவரம் சொல்கிறேன். துணி நனையும்போது இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றின் இடத்தில் நீர் புகுந்துகொள்வதால், ஒளி திரும்பிச் சிதறுவது குறைந்து, நனைந்த இடம் கறுத்துத் தெரிகிறது. ஏற்கெனவே கறுத்த துணியில் அது தெரிய வழியில்லை, வெள்ளையிலும் நிறம் அவ்வளவாக மாறாது. நடுத்தரச் சாம்பலும் நடுத்தர நீலமும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் 'அடக்கமான நிறம்' என்று சாம்பலுக்குப் போகிறவர்கள்தாம் வியர்வையில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சிறிய பூக்களோ புள்ளிகளோ நெருக்கமாக அச்சிட்ட பருத்தித் துணி, எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், ஈரத்தைத் தனக்குள் மறைத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம் நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வயது ஏற ஏறக் கண்வில்லை மெல்ல மஞ்சளாகி, நீல ஒளியைக் கூடுதலாகத் தடுக்கிறது; கண்பாவையும் சிறுத்துப்போவதால் உள்ளே போகும் வெளிச்சமே குறைகிறது. மூளை இதைப் பெருமளவு ஈடுசெய்துவிடுவதால் வெள்ளை நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. ஆனால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் இடையிலான கோடு அழிந்துபோகிறது. எனக்கு 49 வயதில் இது புலப்பட்டது. நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துணித் துண்டுகளை வைத்துவிட்டு, இரண்டும் ஒரே கறுப்புத்தானே என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இளம்பெண் தயங்கித் தயங்கி, 'அக்கா, இடது பக்கம் இருப்பது நேவி புளூ' என்றாள். நிறம் பார்த்துப் பிழைத்தவளுக்கு அது சின்ன அடியல்ல. அலமாரி இருண்டுவிட்டதாக நீங்கள் உணர்வதில் ஒரு பங்கு, அலமாரி நிற்கும் மூலையில் வெளிச்சம் போதாமல் இருப்பதாகவும் இருக்கலாம். ஒரு நல்ல விளக்கை அங்கே மாட்டிப் பாருங்கள். சாம்பல் என்று நினைத்து ஒதுக்கிய ஒன்றிரண்டு துணிகள் பச்சையாகவோ ஊதாவாகவோ வெளிப்படக்கூடும்.

இனி, நிறத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமிசெலெ யோனவுஸ்கைட்டேயும் அவருடைய கூட்டாளிகளும் 30 நாடுகளில் 4,598 பேரிடம் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நிறங்களை மக்கள் எந்தெந்த உணர்வோடு சேர்க்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனது. மஞ்சள் மகிழ்ச்சியோடும், கறுப்பு துயரத்தோடும், சிவப்பு காதலோடும் கோபத்தோடும் சேர்ந்து வந்தன. இந்த ஆய்வைக் காட்டித்தான் பலரும் மஞ்சள் உடுத்தச் சொல்கிறார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்களுக்குக் காட்டப்பட்டவை நிறங்களின் பெயர்கள் மட்டுமே. யாரும் எதையும் உடுத்தவில்லை. 'மஞ்சள்' என்ற சொல் மகிழ்ச்சியை நினைவூட்டுவதும், மஞ்சள் துணி மகிழ்ச்சியைத் தருவதும் வெவ்வேறு.

மாறாக, மனத்திலிருந்து நிறத்துக்குப் போகும் பாதைக்குச் சான்றுகள் கூடுதலாக இருக்கின்றன. மான்செஸ்டரில் ஒரு மருத்துவக் குழு நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டி, உங்கள் மனநிலை எந்த நிறம் என்று கேட்டபோது, மனச்சோர்வு உள்ளவர்கள் சாம்பலையும் நலமாக இருந்தவர்கள் மஞ்சளையும் காட்டினார்கள். பிடித்த நிறம் எது என்று கேட்டால் மட்டும் இரு தரப்பினரும் நீலத்தின் பக்கமே சாய்ந்தார்கள். இது 2010 இல் வெளியானது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில், மனச்சோர்வு உள்ளவர்களின் விழித்திரை வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் குறைவாகவே பதிலளிக்கிறது என்று மின்பதிவின் மூலம் காட்டினார்கள். உலகமே வெளிறிப்போனது போல் இருக்கிறது என்று சோர்ந்த மனிதர்கள் சொல்வது வெறும் உவமை அல்ல போலும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சோர்ந்த மனம் மங்கிய துணியைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. அந்தத் துணியை மாற்றினால் மனமும் அப்படியே மாறிவிடும் என்று கணக்குப் போடுவதுதான் பிழை.

பிறகு ஏன் உதவும் என்கிறேன்? உடைக்கும் நினைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகிய இருவரின் 2012 ஆம் ஆண்டுப் பரிசோதனையிலிருந்து தொடங்குவார்கள். ஒரே வெள்ளைக் கோட்டை, மருத்துவருடையது என்று சொல்லி அணிவித்தபோது கவனம் கூர்மையானது. ஓவியருடையது என்று சொல்லி அணிவித்தபோது ஆகவில்லை. 2019 இல் வேறொரு குழு அதன் முதல் பகுதியை, அதாவது கோட்டை அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்ட பகுதியை, அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது கவனம் கூர்மையாகும் விளைவு கிடைக்கவில்லை. 2023 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடை அணிபவரின் எண்ணத்தில் ஓரளவு மாற்றம் உண்டாக்குகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். தொகுத்தவர்களில் முதல் ஆய்வின் இருவரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு இதில் பயன்படுவது ஒரே ஒரு கருத்துதான்: துணியின் வேலை, அணிகிறவர் அதற்குக் கொடுக்கும் பொருளைச் சார்ந்தது. நிறமே தனியாக மந்திரம் செய்யும் என்று நம்பியவர்கள் ஏமாந்த கதையும் உண்டு. 1979 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஒரு அறைக்கு ஒரு வகை இளஞ்சிவப்பு பூசி, அது கைதிகளின் மூர்க்கத்தைத் தணிக்கிறது என்றார்கள். வேறு பல சிறைகளும் அதைப் பின்பற்றின. பின்னாளில் கட்டுப்பாடுகளோடு சோதித்தபோது சுவரின் நிறத்தால் அப்படி எந்த வேறுபாடும் வரவில்லை.

என் அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு; அழகுக் குறிப்புகளில் இதை நான் பார்த்ததில்லை. உங்களுக்காக அணியும் நிறம், உங்கள் கண் படும் இடத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் நிறத்தை முகத்துக்கு அருகே வைக்கச் சொல்கிறார்கள். அது எதிரில் இருப்பவருக்கான ஏற்பாடு. நம் கழுத்துப்பட்டையை நாமே எத்தனை முறை பார்க்கிறோம்? காலையில் கண்ணாடி முன் ஒரு நிமிடம், பிறகு கை கழுவும் இடத்தில் சில நொடிகள், அவ்வளவுதான். ஆனால் முன்கையும் மடியும் நாள் முழுவதும் கண்ணெதிரே கிடக்கின்றன. என்னிடம் மணிக்கட்டு வரை கை வைத்த, கொழுந்து இலைப் பச்சையில் ஒரு சட்டை இருந்தது. மனம் சரியில்லாத ஓர் ஆண்டில் அதை வாரம் இருமுறை அணிந்தேன். கணினியில் தட்டச்சு செய்யும்போதும், பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், குழாயடியில் கையை நீட்டும்போதும் அந்தப் பச்சை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி பொங்கியது என்று சொன்னால் பொய். காலையில் நானே விரும்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை அது எனக்கு நினைவூட்டியது. எல்லோருடைய தேவைக்கும் ஈடுகொடுத்து நாள் தீர்ந்துபோகும் வயதில், அந்தச் சின்ன நினைவூட்டலுக்கு நான் நினைத்ததைவிட வலு இருந்தது. அதே பச்சையில் ஒரு கையில்லாத மேலாடையும் வைத்திருந்தேன். பலர் பாராட்டினார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுக்கை பிடிக்காதென்றால் நிறமான சால்வை, துப்பட்டா, கைக்கடிகாரப் பட்டை, மடியில் வைத்துக்கொள்ளும் பை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

எந்த நிறம் என்ற கேள்விக்குப் பலரும் சிவப்பா மஞ்சளா என்று யோசிப்பார்கள். சாயத் தொழிலில் ஒரு நிறத்தை மூன்று அளவுகளால் சொல்வோம்: அது என்ன வண்ணம், எவ்வளவு செறிவு, எவ்வளவு வெளிர்வு. 1994 இல் வால்டெஸ், மெஹ்ராபியன் ஆகிய இருவர் செய்த ஆய்வில், மனத்தில் எழும் உணர்வை வண்ணத்தைவிடச் செறிவும் வெளிர்வுமே கூடுதலாகத் தீர்மானிப்பதாகத் தெரிந்தது. நான் துணிகளுக்கு நடுவே கண்டதும் அதுவே. அதாவது சாம்பல் கலந்து மங்கிய சிவப்பைவிடத் தெளிந்த வெளிர்நீலம் மனத்தை எழுப்பக்கூடும். ஆகவே உங்களுக்குப் பிடித்த நீலத்தை விட்டுவிட்டு, பிடிக்காத ஆரஞ்சுக்கு ஓட வேண்டிய தேவையில்லை. கருநீலத்திலிருந்து மயில்நீலத்துக்கும், கறுப்பிலிருந்து கத்தரிப்பூ ஊதாவுக்கும், சாம்பலிலிருந்து கிளிப்பச்சை ஓரம் வைத்த சாம்பலுக்கும் நகர்ந்தாலே போதும்.

அக்கம்பக்கத்து நிறமும் கணக்கில் வரும். பாரிசின் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூலில் உரமில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே வெளிறித் தெரிகிறது என்று முறையிட்டார்கள். அவர் மற்ற ஆலைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்தது. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் அந்த விதியை அவர் 1839 இல் விரிவாக எழுதினார். முகமும் அப்படித்தான். வயதாகும்போது புருவம், உதடு ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைகிறது என்பதை 2013 இல் போர்ஷெரோன், ரஸ்ஸல் முதலியோர் பெண்களின் முகப் படங்களை அளந்து காட்டினார்கள். தலைமுடியும் நரைத்துவிட்டால் முகத்தின் கோடுகளே மெலிந்துவிடுகின்றன. முப்பது வயதில் எடுப்பாக இருந்த கறுப்பு இப்போது முகத்தைச் சோர்வாகக் காட்டுகிறது என்றால் குற்றம் உங்கள் மேல் இல்லை, அக்கம்பக்கம் மாறிவிட்டது. 'நீங்கள் வசந்த வகை, நீங்கள் பனிக்கால வகை' என்று ஆட்களைப் பிரித்து, அணிய வேண்டிய நிறங்களின் பட்டியல் கொடுப்பவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். பகல் வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே நின்று, துணியை முகவாய்க்குக் கீழே பிடித்து, துணியைப் பார்க்காமல் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலை மட்டும் கவனியுங்கள். அது மென்மையானால் துணி ஒத்துவருகிறது, கறுத்தால் ஒத்துவரவில்லை.

வயதுக்குப் பொருந்துமா என்று கேட்டீர்கள். வயதுக்கும் நிறத்துக்கும் இயற்கையில் எந்த விதியும் இல்லை. இருப்பதெல்லாம் மனிதர்கள் பழகிக்கொண்டது. 1856 இல் 18 வயது வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக உண்டாக்கப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில் விக்டோரியா அரசி, 38 வயதில், தம் மூத்த மகளின் திருமணத்துக்கு இளம் ஊதா வெல்வெட் ஆடையில் வந்தார். அந்த நிறத்தின் மேல் ஊரெல்லாம் மோகம் கொண்டது. 1861 இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 42. அன்று அணிந்த கறுப்பை 1901 இல் இறக்கும் வரை அவர் களையவில்லை. ஆனால் தம் இறுதிச் சடங்கு வெள்ளையில் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அதே பெண், அதே நடுவயது. நான்கு ஆண்டு இடைவெளியில் ஊதாவும் கறுப்பும். வயதா அதைத் தீர்மானித்தது? நம் காலத்தில், 1998 இல் அமெரிக்காவில் தொடங்கிய செந்தொப்பிச் சங்கம் என்ற பெண்கள் அமைப்பில் 50 வயதைக் கடந்தவர்கள் ஊதா உடையும் சிவப்புத் தொப்பியும் அணிந்துகொண்டு சேர்ந்து வெளியே போகிறார்கள். 50 ஆகாதவர்களுக்கு இளஞ்சிவப்புத் தொப்பிதான். சிவப்புக்குத் தகுதி பெற வயதாகியிருக்க வேண்டும்! எனக்குக் கூட்டமாகச் சீருடை அணிவதில் விருப்பமில்லை; ஆனால் அந்தக் குறும்பு பிடித்திருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மனம் சில ஆண்டுகளாகவே மங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை, ஒரே பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. அதிக இரத்தப்போக்கால் வரும் இரும்புச்சத்துக் குறைவும், தைராய்டுச் சுரப்புக் குறைவும் இதே சோர்வு போலவே வேடம் போடும். இரண்டையும் எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் மாறி, அந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே போங்கள். பச்சைச் சட்டை அதற்கு மருந்தல்ல. நான் அதை அணிந்த அந்த ஆண்டில் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வாங்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. உற்சாகத்தில் ஆறு நிறங்களில் ஆறு உடைகளை வாங்குகிறவர்கள், மூன்றாம் வாரமே பழைய கறுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். புதுமை தரும் கிளர்ச்சி எதிலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒன்றே ஒன்றை வாங்குங்கள். விசேஷத்துக்கு என்று எடுத்து வைக்காமல் ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமைகளில் அணியுங்கள். கறுப்பு உடைகளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். புதிய நிறம் எடுபடுவதற்கு அவற்றைப் போன்ற துணை வேறில்லை.

கடை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து நிற்பதைத் தடுப்பதற்காகவே எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, துணியை வாசல்வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தருகே பிடித்துப் பார்த்து முடித்ததும் உங்கள் முன்கையின் மேல் போர்த்திக்கொண்டு, அந்தக் கையால் கைப்பேசியைப் பிடித்து ஒரு செய்தியைப் படியுங்கள். படிக்கும் நடுவே கண் இரண்டு மூன்று முறை துணியின் பக்கம் தானாகப் போனால் அதையே வாங்குங்கள்.